எமுலேட்டரில் செக்மென்ட் டிஸ்கிரிப்டர்: ஒருமுறை படித்ததும் மறக்க வேண்டியது

எக்ஸ்86 கட்டளைகளை மென்பொருளிலேயே ஓட்டும் சின்ன எமுலேட்டர் ஒன்றை சி மொழியில் எழுதி வருகிறேன். கூட்டல், கழித்தல், தாவல் எல்லாம் சுலபமாகவே முடிந்தன. நிரல் எந்த மெமரிப் பகுதியை (செக்மென்ட்) தொடுகிறது என்று சொல்லும் டிஎஸ் ரிஜிஸ்டரில் மதிப்பை ஏற்றும் மூவ் கட்டளைக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. வெளியே இருந்து பார்த்தால் 16 பிட் எண்ணை ஒரு ரிஜிஸ்டரில் போடுகிறோம், அவ்வளவுதான். உள்ளே போனால் செக்மென்ட்களை விவரிக்கும் டிஸ்கிரிப்டர்கள் அடங்கிய, மெமரியில் இருக்கும் ஒரு அட்டவணை (ஜிடிடி), உரிமை நிலைச் சோதனைகள் (0 கெர்னலுக்கு, 3 பயனர் நிரலுக்கு), சூழலுக்கு ஏற்ப மாறும் ஃபால்ட்கள் (பிராசசர் எழுப்பும் பிழைகள்), போதாக்குறைக்கு அந்த அட்டவணையிலேயே ஒரு பிட்டை எழுதும் பக்கவிளைவு. இந்தப் பகுதியை எப்படிக் கட்டினேன், எதை வைத்துச் சரிபார்த்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

"செக்மென்டை இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. 64-பிட் நிரல் எழுதுகிறவர் கேட்டால் நியாயம்தான். ஆனால் பழைய பயாஸ் வழியில் எழும் ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் ரியல் மோடில்தான் (8086 காலத்து 16-பிட் நிலை) கண்விழிக்கிறது. பூட்லோடர் அங்கிருந்து ப்ரொடெக்டட் மோடுக்கு (உரிமைச் சோதனைகள் உள்ள நிலை) தாவும் சில கட்டளைகளுக்குள் செக்மென்டின் எல்லா வினோதங்களும் வந்து போய்விடும். இன்டெலின் முதல் தலைமுறை விடி-எக்ஸ் (வன்பொருள் மெய்நிகராக்க வசதி) சில்லுகளால் ரியல் மோடு கெஸ்டை (மெய்நிகர் கணினிக்குள் ஓடும் அமைப்பை) நேரடியாக ஓட்டவே முடியாது. வெஸ்ட்மியர் தலைமுறையில் 'அன்ரெஸ்ட்ரிக்டட் கெஸ்ட்' வசதி வரும்வரை, அந்த இடைவெளியை நிரப்ப, லினக்ஸின் ஹைப்பர்வைசரான (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) கேவிஎம், கெஸ்டின் கட்டளைகளைத் தானே எமுலேட் செய்ய வேண்டியிருந்தது. இன்றும் கெஸ்ட் ஒரு சாதனத்தின் மெமரி முகவரியில் எழுதினால், அந்தக் கட்டளையைப் பிரித்துப் படித்து ஓட்டுவது ஹைப்பர்வைசரின் எமுலேட்டர்தான்.

இங்கே ஓட்டை விழுந்தால் அது பாதுகாப்பு ஓட்டை. சிவிஇ-2010-0419 என்ற எண்ணில் பதிவான ஓட்டை அப்படிப்பட்டது. பல பிராசசர் கொண்ட கெஸ்டில், கேவிஎம் எமுலேட்டருக்குள் நுழைந்த பிறகு, அது கட்டளையைப் படிப்பதற்குள், இன்னொரு பிராசசரில் ஓடும் நிரல் அந்தக் கட்டளையையே மாற்றி வைத்துவிடும். செக்மென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவதற்கான சோதனைகள் எமுலேட்டரில் சரியாக இல்லாததால், சாதாரணப் பயனர் நிரலுக்குக் கெஸ்டுக்குள் கூடுதல் உரிமை கிடைக்க வழி இருந்தது. "இந்தக் கட்டளை எமுலேட்டருக்கு வரவே வராது" என்று எந்தச் சோதனையையும் விட்டுவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உரைகல்லாக கேவிஎம்

செயலி கையேட்டைப் படித்து எழுதுவது ஒரு பாதி. எழுதியது சரியா என்று பார்க்க, நிஜமான சிலிக்கானிடமே கேட்டுவிடுவது மறுபாதி. லினக்ஸில் கேவிஎம் சாதனக் கோப்பைத் திறந்து, சின்ன மெமரியோடு ஒரு கெஸ்ட், அதில் ஒரே ஒரு விர்ச்சுவல் பிராசசர். அதே மெமரியின் நகல் என் எமுலேட்டரிடமும் இருக்கும். கெஸ்டை டீபக் வசதியால் ஒவ்வொரு கட்டளையாக நகர்த்த வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பொது ரிஜிஸ்டர்களையும் செக்மென்ட் ரிஜிஸ்டர்களையும் வாங்கி என்னுடையதோடு ஒப்பிட வேண்டும். கூடவே ஜிடிடி இருக்கும் மெமரிப் பகுதியையும் பைட் பைட்டாக ஒப்பிட வேண்டும். அது ஏன் என்று கீழே வரும்.

இந்த ஏற்பாட்டின் அருமை, கேவிஎம் தரும் செக்மென்ட் விவரத்தில் செலக்டர் (ரிஜிஸ்டரில் போடும் அந்த 16 பிட் எண்) மட்டுமல்லாமல் பேஸ் (செக்மென்டின் தொடக்க முகவரி), லிமிட் (பேஸிலிருந்து எண்ணும் ஆஃப்செட்டின் எல்லை), டைப், டிபிஎல் (செக்மென்டின் உரிமை நிலை) எல்லாம் தனித்தனியாக வந்துவிடுவது. டிஸ்கிரிப்டரிலிருந்து எடுத்து பிராசசருக்குள் மறைந்திருக்கும் நகல் அப்படியே கைக்குக் கிடைக்கிறது. 80286 காலத்தில் அந்த மறைவான பகுதியை நேரடியாக நிரப்ப லோட்ஆல் என்ற ஆவணப்படுத்தப்படாத கட்டளை ஒன்றுதான் வழி. கேவிஎம்மில் செக்மென்ட் நிலையை அமைக்கும் அழைப்பு கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது: ஜிடிடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

ஆனால் கொடுப்பது முரணாக இருக்கக் கூடாது. லிமிட்டை 4294967295 என்று வைத்துவிட்டு ஜி பிட்டை (லிமிட்டை 4096 பைட் அலகில் எண்ணச் சொல்லும் பிட்) 0 என விட்டால், என் இன்டெல் மடிக்கணினியில் கெஸ்ட் ஓடவே தொடங்காது. நுழைவுத் தோல்வி என்று 2147483681 என்ற எண் வரும். பார்க்கப் பயமாக இருக்கும். மேல் பிட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் மிச்சம் 33, அதாவது கெஸ்டின் நிலை செல்லாது என்று பொருள். விஎம்எக்ஸ் (விடி-எக்ஸின் கட்டளைத் தொகுப்பு) விதிப்படி லிமிட்டின் மேல் 12 பிட்டில் எதாவது ஒன்று 1 என்றாலும் ஜி 1 ஆக வேண்டும். கீழ் 12 பிட்டில் எதாவது ஒன்று 0 என்றாலும் ஜி 0 ஆக வேண்டும்.

ஒப்பீட்டில் ஒரு இடத்தில் இரண்டு பக்கத்துக்கும் இடையே ஒரு கட்டளை வித்தியாசம் விழும்: ஸ்டாக் செக்மென்டுக்கான எஸ்எஸ்ஸில் மதிப்பை ஏற்றும் மூவ், பாப் கட்டளைகள். ஸ்டாக் செக்மென்ட் மாறி ஸ்டாக் பாயின்டர் மாறாத அரைகுறை நிலையில் இன்டரப்ட் வந்துவிடக் கூடாது என்பதற்காக, அடுத்த கட்டளை முடியும்வரை பிராசசர் எல்லாவற்றையும் தள்ளிவைக்கும். ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் நிறுத்தும் ஒற்றை அடி டிராப்பும் அதில் அடக்கம். கெஸ்ட் இரண்டு கட்டளை தாண்டி நிற்கும், எமுலேட்டர் ஒன்று தாண்டி நிற்கும். எஸ்எஸ் ஏற்றம் நடந்த உடனே ஒப்பிடாமல், எமுலேட்டரை இன்னொரு அடி நகர்த்திவிட்டு ஒப்பிடும்படி விதி எழுதினால் போதும்.

எட்டு பைட்டைப் பிரிப்பது

ஒரு சாதாரண 32-பிட் கோட் டிஸ்கிரிப்டர் மெமரியில் இப்படி இருக்கும், தசமத்தில்:

255 255 0 0 0 154 207 0

முதல் இரண்டு பைட் லிமிட்டின் கீழ் 16 பிட். அடுத்த மூன்று பேஸின் கீழ் 24 பிட். 154 என்பது அணுகல் பைட். இருமத்தில் 1001 1010. இடமிருந்து படித்தால்: பிரசென்ட் 1, டிபிஎல் 00, சிஸ்டம் வகை அல்ல என்று சொல்லும் எஸ் பிட் 1, டைப் 1010, அதாவது படிக்கவும் முடிகிற கோட். 207 இருமத்தில் 1100 1111. அதன் கீழ்ப்பாதி லிமிட்டின் மேல் 4 பிட்; மேல்பாதியில் ஜி 1, டி 1 (32-பிட்), எல் 0 (64-பிட் அல்ல), கடைசி பிட் இயங்குதளத்தின் சொந்த உபயோகத்துக்கு. எட்டாவது பைட் பேஸின் மேல் 8 பிட்.

பேஸும் லிமிட்டும் ஏன் இப்படித் துண்டு துண்டாகக் கிடக்கின்றன? 80286-இல் பேஸ் 24 பிட், லிமிட் 16 பிட், கடைசி இரண்டு பைட்டும் சும்மா 0. 80386 வந்தபோது பழைய அமைப்பை உடைக்காமல் அந்த இரண்டு பைட்டுக்குள்ளேயே மிச்சத்தைத் திணித்துவிட்டார்கள். அதன் விலையைச் சுமப்பது என்னைப்போல எமுலேட்டர் எழுதுகிறவர்கள்.

பேஸைச் சேர்க்கும்போது சி மொழியில் ஒரு பழைய பொறி உண்டு. எட்டாவது பைட்டை 24 இடம் இடப்பக்கம் தள்ளினால் கணக்கு குறியுள்ள முழு எண்ணில் நடக்கும். அந்தப் பைட் 128 அல்லது அதற்கு மேல் என்றால் விளைவு எதிர்ம எண்ணாகி, 64-பிட் பேஸில் வைக்கும்போது மேல் 32 பிட்டும் 1 ஆகிவிடும். முதலிலேயே குறியில்லா 32-பிட்டாக மாற்றிவிட்டுத் தள்ள வேண்டும். பேஸ் 0 ஆக இருக்கும் தட்டையான செக்மென்ட்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இது கண்ணிலேயே படாது.

லிமிட்டைப் பொறுத்தவரை நான் எடுத்த முடிவு: உள்ளே எப்போதும் பைட் கணக்குதான். ஜி பிட் 1 என்றால் லிமிட்டை 12 இடம் தள்ளி, கீழ் 12 பிட்டையும் 1 ஆக்க வேண்டும். மேலே உள்ளதில் 1048575 என்பது 4294967295 ஆகிவிடும். லிமிட் 0, ஜி 1 என்றால் செல்லும் கடைசி ஆஃப்செட் 4095. வெறுமனே 4096-ஆல் பெருக்கினால் 0 என்று வரும், தப்பு. இந்தக் கணக்கை ஏற்றும்போதே ஒருமுறை செய்துவிட வேண்டும். கேவிஎம்மும் விஎம்சிஎஸ்ஸும் (விஎம்எக்ஸ் கெஸ்டின் நிலையை வைக்கும் மெமரி அமைப்பு) லிமிட்டைப் பைட்டில்தான் வைத்திருக்கின்றன. ஒப்பிடவும் அதுவே வசதி.

ஏற்றும் ஃபங்ஷன்

மொத்த வேலையும் ஒரே ஃபங்ஷனில். உள்ளே வருவது எந்த ரிஜிஸ்டர், எந்த செலக்டர். செலக்டரின் கீழ் இரண்டு பிட் ஆர்பிஎல் (கேட்கப்படும் உரிமை நிலை), மூன்றாவது பிட் ஜிடிடியா எல்டிடியா (இன்னொரு டிஸ்கிரிப்டர் அட்டவணை) என்பது, மிச்சம் 13 பிட் அட்டவணையில் வரிசை எண்.

நல் செலக்டரை (ஜிடிடியில் வரிசை எண் 0) முதலில் கழித்துக்கட்ட வேண்டும். டிஎஸ், இஎஸ், எஃப்எஸ், ஜிஎஸ்ஸில் நல் ஏற்றுவது குற்றமில்லை. பிறகு அதன் வழியே மெமரியைத் தொட்டால்தான் ஜிபி (பொதுப் பாதுகாப்பு ஃபால்ட், எண் 13). கோட் செக்மென்டுக்கான சிஎஸ்ஸிலும், 32-பிட் மோடில் எஸ்எஸ்ஸிலும் ஏற்றும்போதே ஜிபி. நல் ஏற்றிய பின் பேஸில் என்ன இருக்கும் என்பது சில்லைப் பொறுத்தது: இன்டெலில் அது துடைக்கப்படும், பழைய ஏஎம்டி சில்லுகளில் முந்தைய மதிப்பே தங்கிவிடும். அதனால் ஒப்பீட்டில், 'பயன்படாது' என்ற குறி இருந்தால் செலக்டரையும் அந்தக் குறியையும் மட்டும் பார்க்கிறேன்.

அடுத்து அட்டவணை எல்லை. ஐந்து பதிவு உள்ள ஜிடிடியின் லிமிட் 39. செலக்டர் 35 என்றால் வரிசை எண் 4, ஆர்பிஎல் 3. எட்டு பைட்டும் 32 முதல் 39 வரை, உள்ளே அடங்கும். செலக்டர் 40 அடங்காது, ஜிபி. ஸ்டாக்கில் வைக்கும் பிழை எண்ணில் செலக்டரை அப்படியே போடக் கூடாது. ஆர்பிஎல் இருந்த இரண்டு பிட்டுக்கும் அங்கே வேறு அர்த்தம். 35-ஐ ஏற்றும்போது ஃபால்ட் வந்தால் பிழை எண் 32.

டிஸ்கிரிப்டரைப் படிப்பது யார் உரிமையில்? இதுதான் நான் அதிகம் யோசித்த இடம். கெஸ்டில் பயனர் நிரல், உரிமை நிலை 3-இல், டிஎஸ்ஸை ஏற்றுகிறது. ஜிடிடி இருக்கும் பக்கம் பயனர் தொட முடியாத கெர்னல் பக்கம். கட்டளையின் சாதாரண மெமரிப் படிப்புக்கான ஃபங்ஷனையே இங்கேயும் அழைத்தால் பேஜ் ஃபால்ட் வரும். நிஜ பிராசசரில் வராது, ஏனென்றால் அட்டவணையைப் படிப்பது நிரல் அல்ல, பிராசசர். அது எப்போதும் சூப்பர்வைசர் உரிமையில் நடக்கும். ஆக மெமரி அணுகலுக்கு இரண்டு வாசல் வைத்தேன்: நிரலின் உரிமையில் ஒன்று, சிஸ்டம் உரிமையில் ஒன்று.

பிறகு சோதனைகள். டேட்டா ரிஜிஸ்டர் என்றால் டேட்டாவாகவோ படிக்க முடிகிற கோடாகவோ இருக்க வேண்டும். கன்ஃபார்மிங் கோட் (குறைந்த உரிமையுள்ள நிரலும் ஓட்டக்கூடிய கோட்) தவிர மற்றதற்கு, சிபிஎல் (இப்போது ஓடும் நிரலின் உரிமை நிலை), ஆர்பிஎல் இரண்டில் எது பெரிதோ அது டிபிஎல்லைத் தாண்டக் கூடாது. 'இரண்டுமே தாண்டினால்தான் ஃபால்ட்' என்று எழுதிவிடுவது மிக எளிது. பெரும்பாலான சோதனைகளில் அதுவும் தேறிவிடும். அதைப் பிடிக்க ஒரே ஒரு சோதனை போதும்: சிபிஎல் 0, டிபிஎல் 0, ஆர்பிஎல் 3. பிராசசர் ஜிபி கொடுக்கும். எஸ்எஸ் இன்னும் கறார்: எழுத முடிகிற டேட்டாவாக இருக்க வேண்டும், சிபிஎல், ஆர்பிஎல், டிபிஎல் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிரசென்ட் பிட்டை இவற்றுக்கெல்லாம் பிறகுதான் பார்க்க வேண்டும். வகையும் தப்பு, பிரசென்டும் இல்லை என்றால் வரவேண்டியது ஜிபி. வகை சரி, பிரசென்ட் மட்டும் இல்லை என்றால் டேட்டாவுக்கு 11-ஆம் ஃபால்ட், எஸ்எஸ்ஸுக்கு 12.

எல்லாம் தேறிய பிறகு ஆக்ஸஸ்டு பிட். டைப்பின் கடைசி பிட் 0 என்றால் மெமரியில் உள்ள டிஸ்கிரிப்டரிலேயே அதை 1 ஆக்கி எழுத வேண்டும். டேட்டா டிஸ்கிரிப்டரில் 146 என்று வைத்தது ஏற்றிய பின் 147 ஆகியிருக்கும். ஜிடிடி மெமரியையும் ஒப்பிடச் சொன்னது இதற்காகத்தான். ஏற்கெனவே 1 என்றால் எழுதவே கூடாது. சில இயங்குதளங்கள் ஜிடிடியைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் பக்கத்தில் வைத்திருக்கும், வீணாக எழுதப்போனால் வராத பேஜ் ஃபால்ட்டை நாமே வரவழைத்ததாகிவிடும்.

இவ்வளவும் ஒரு தற்காலிக நகலில். எந்தப் படியில் ஃபால்ட் வந்தாலும் பழைய செக்மென்ட் கீறல்படாமல் இருக்க வேண்டும். ஃபார் ஜம்ப்பில் (சிஎஸ்ஸையும் மாற்றும் தாவல்) இது இன்னும் முக்கியம்: புது சிஎஸ் சோதனைகளில் தேறினாலும், தாவ வேண்டிய ஆஃப்செட் அதன் லிமிட்டுக்கு வெளியே இருந்தால் ஜிபி, அதுவும் பழைய சிஎஸ்ஸில் நின்றபடியே. சிஎஸ்ஸும் இஐபியும் (அடுத்த கட்டளையின் ஆஃப்செட்) சேர்ந்து கடைசி வரியில்தான் மாறுகின்றன.

ஏற்றிய பிறகு

அதற்கு மேல் அட்டவணைப் பக்கம் போகவே கூடாது. கெஸ்ட் ஜிடிடியை அழித்தாலும், எல்ஜிடிடி போட்டு வேறு அட்டவணைக்கு மாறினாலும், ஏற்கெனவே ஏற்றிய செக்மென்ட் அப்படியே ஓடும். ஒவ்வொரு மெமரி அணுகலிலும் செலக்டரை வைத்துத் திரும்பத் தேடும் எமுலேட்டர், சாதாரண இயங்குதளத்தில் சரியாக ஓடுவதுபோலத்தான் தெரியும். பூட் பாதையில் விழுந்துவிடும்.

முதல் கட்டளையிலேயே விழும். ரீசெட்டில் சிஎஸ் செலக்டர் 61440. ரியல் மோடு சூத்திரப்படி 16-ஆல் பெருக்கினால் பேஸ் 983040. ஆனால் 80386 முதல் ரீசெட்டில் மறைவான பேஸ் 4294901760, அதாவது 4 கிகாபைட்டுக்கு 65536 பைட் கீழே. ஐபி 65520. முதல் கட்டளை 4 கிகாபைட்டுக்கு 16 பைட் கீழே இருந்து வருகிறது. முதல் ஃபார் ஜம்ப் நடக்கும்வரை செலக்டருக்கும் பேஸுக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று, அன்ரியல் மோடு. ப்ரொடெக்டட் மோடுக்குப் போய் டிஎஸ்ஸில் 4 கிகாபைட் லிமிட் உள்ள டிஸ்கிரிப்டரை ஏற்றிவிட்டு, ரியல் மோடுக்குத் திரும்பினால் லிமிட் அப்படியே தங்கும். அங்கே டிஎஸ்ஸை எத்தனை முறை மாற்றினாலும் செலக்டரும் பேஸும்தான் மாறும். பயாஸ் காலத்து நிரல்கள் 1 எம்பிக்கு மேல் தொட இதைத்தான் நம்பியிருந்தன. ரியல் மோடு ஏற்றத்தில் லிமிட்டை 65535 என்று மறுபடி அமைக்கும் எமுலேட்டரில் அந்த நிரல்கள் ஜிபியில் விழும், அதுவும் பிழை எண் இல்லாமல், ஏனென்றால் ரியல் மோடில் பிழை எண் ஸ்டாக்குக்குப் போகாது. வர்ச்சுவல் 8086 மோடு இதற்கு நேர்மாறு: பேஸ் செலக்டரின் 16 மடங்கு, லிமிட் 65535, டிபிஎல் 3, பேரம் கிடையாது.

லிமிட் சோதனையில் தொடும் கடைசி பைட்டைப் பார்க்க வேண்டும், முதல் பைட்டை மட்டும் அல்ல. ஆஃப்செட்டோடு அளவைக் கூட்டினால் 32 பிட்டில் சுற்றிக்கொள்ளும். லிமிட்டிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்து மிச்சத்தைப் பார்ப்பதே பாதுகாப்பு. லிமிட் முழு 4 கிகாபைட்டாக இருந்து அணுகல் அதன் நுனியைத் தாண்டிச் சுற்றினால் ஃபால்ட் வருமா வராதா என்பதை இன்டெல் கையேடே சில்லின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது, அதனால் அந்தச் சோதனையை எடுத்துவிட்டேன்.

எக்ஸ்பேண்ட்-டவுன் செக்மென்டில் எல்லாம் தலைகீழ். அணுகல் பைட் 150, லிமிட் 8191, பி பிட் (கோடில் டி என்று சொன்ன அதே பிட்) 0 என்றால் செல்லுபடியாகும் ஆஃப்செட் 8192 முதல் 65535 வரை. பி பிட் 1 என்றால் மேல் எல்லை 4294967295. இங்கே லிமிட் கீழ் வேலி. மேல் வேலியைத் தீர்மானிப்பது பி பிட். இன்று இதை யாரும் பயன்படுத்துவதில்லை என்றாலும் எழுதச் சில வரிதான், விட்டுவைக்க மனமில்லை.

வரம்பு மீறினால் எஸ்எஸ் வழி அணுகலுக்கு 12, மற்றவற்றுக்கு 13, இரண்டிலும் பிழை எண் 0. கடைசியில் பேஸோடு ஆஃப்செட்டைக் கூட்டி 32 பிட்டுக்குச் சுருக்க வேண்டும். லாங் மோடின் 64-பிட் நிரலில் சிஎஸ், டிஎஸ், இஎஸ், எஸ்எஸ் நான்கின் பேஸும் 0 என்றே கணக்கு, லிமிட் சோதனை இல்லை, எஃப்எஸ், ஜிஎஸ் பேஸ் மட்டும் 64 பிட்டில் கூடும்.

சிபிஎல்லை எங்கிருந்து எடுப்பது என்பதில் ஒரு நுணுக்கம். சிஎஸ் செலக்டரின் கீழ் இரண்டு பிட் என்பது பொதுவான பதில். ஆனால் ரியல் மோடில் சிஎஸ் 4099 என்று இருக்கலாம். அந்த நிலையில் கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரான சிஆர்0-வில் ப்ரொடெக்‌ஷன் பிட்டைப் போட்ட பிறகு, ஃபார் ஜம்ப்புக்கு முன், கீழ் இரண்டு பிட் 3 என்றுதான் காட்டும். உண்மையில் உரிமை நிலை 0-தான். சிஎஸ்ஸின் டிபிஎல்லை எடுக்கலாமா என்றால் கன்ஃபார்மிங் கோட் கெடுக்கும். எஸ்எஸ்ஸின் மறைவான நகலில் உள்ள டிபிஎல்தான் எல்லா நேரத்திலும் சரி. இன்டெல் பக்கத்தில் கேவிஎம்மும் அதைத்தான் பார்க்கிறது.

கால் கேட்டும் டாஸ்க் ஸ்விட்ச்சும் இன்னும் தொடவில்லை. இப்போது கையில் இருப்பது வெளி உரிமை நிலைக்குத் திரும்பும் ஐரெட் (இன்டரப்ட்டிலிருந்து திரும்பும் கட்டளை). அதில் எஸ்எஸ்ஸையும் சிஎஸ்ஸையும் ஏற்றுவது பழைய ஃபங்ஷனே. புதிதாகச் சேர்வது, போகும்போது டிஎஸ், இஎஸ், எஃப்எஸ், ஜிஎஸ் நான்கையும் வரிசையாகப் பார்த்து, மறைவான நகலில் உள்ள டிபிஎல் புது சிபிஎல்லைவிடச் சின்னது என்றால், கன்ஃபார்மிங் கோட் தவிர மற்றதை நல் ஆக்கிவிடுவது. இங்கேயும் ஜிடிடியைப் படிக்க வேண்டியதில்லை. டைப்பும் டிபிஎல்லும் ஏற்றியபோதே எடுத்துவைத்தவை. கெர்னல் டேட்டா செக்மென்ட் இஎஸ்ஸில் மிச்சமிருக்கும் நிலையில் உரிமை நிலை 3-க்குத் திரும்பும் ஒரு சோதனை இப்போது இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது. எல்டிடி செலக்டரோடு அதையே ஓட்டிப் பார்ப்பது அடுத்த வேலை.